நடுநிலைக்கும் கப்பல் வேண்டும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் அமெரிக்க வணிகக் கப்பல்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பு ஒரு சொல்லில் இருக்கிறது. எம்டன்! 'அவன் சரியான எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலன்களைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் நம் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து, ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் பின்னர் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. இக்கதையைத் தொடங்கினால் கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் எம்டன் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு. சென்னையைத் தாக்குவதற்குப் பத்து நாள்களுக்கு முன்னர், வங்காள விரிகுடாவில் 'கபிங்கா' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை எம்டன் பிடித்தது. பிடித்த பிரிட்டிஷ் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்த எம்டன், கபிங்காவை மட்டும் மூழ்கடிக்கவில்லை. அதில் இருந்த சரக்கு அமெரிக்கர்களுக்கு உரியது என்பதே காரணம். அதை அழித்தால் ஜெர்மானிய அரசு நட்ட ஈடு கட்ட நேரிடும் என்பதை எம்டனின் தலைவர் முல்லர் அறிந்திருந்தார். எனவே, சிறைப்பிடித்த மாலுமிகளை எல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். பீரங்கியோ காவற்கப்பலோ இல்லாத அக்கப்பலைக் காப்பாற்றியது 'நடுநிலை' என்ற ஒரு சொல்.

ஐந்து மாதங்கூட ஆகவில்லை. அமெரிக்கருக்கே சொந்தமான, அமெரிக்கக் கொடி பறந்த ஒரு கப்பலை அதே சொல்லால் காப்பாற்ற முடியாமற் போயிற்று. இடையில் நடந்தது என்ன? இதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நடுநிலை என்பதை ஏதோ மனத்தில் உறுதியாக எண்ணிக்கொண்டால் போதும் என்பதுபோல் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களில் அமெரிக்கா பட்ட பாடு அதற்கு நேர்மாறானது.

முதலில் சொல்லைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமக்கு 'நடுவு நிலைமை' என்றதும் வள்ளுவரின் அதிகாரம் நினைவுக்கு வரும், துலாக்கோல் உவமை நினைவுக்கு வரும். அது நீதி வழங்குபவரின் நடுநிலை. வழக்கில் அவருக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. போர்க்காலத்தில் ஒரு நாடு அறிவிக்கும் நடுநிலை அப்படிப்பட்டதன்று. அந்நாட்டிடம் விற்பதற்குப் பண்டம் இருக்கிறது. அதை வாங்கக் காத்திருப்போர் போரின் இருபுறத்திலும் இருக்கின்றனர். நீதிபதியின் நடுநிலைக்கு நேர்மை போதும். வணிகரின் நடுநிலைக்கு வண்டி வேண்டும், கடலென்றால் கப்பல் வேண்டும். 1914-இல் அமெரிக்காவிடம் இல்லாதது அதுதான்.

நம்புவதற்குக் கடினமாக இருக்கும். உலகின் மிகப் பெரிய தொழில் நாடுகளுள் ஒன்று, இருபெருங் கடல்களுக்கு நடுவில் அமர்ந்திருக்கும் நாடு, தன் வெளிநாட்டு வாணிகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தன் சொந்தக் கொடிக் கப்பல்களில் ஏற்றவில்லை. மற்றதெல்லாம் பிரிட்டிஷ் கப்பல்கள், ஜெர்மானியக் கப்பல்கள், பிற நாட்டாரின் கப்பல்கள். அமைதிக் காலத்தில் இது சிக்கனமாகத் தோன்றியது. குறைந்த கட்டணத்தில் பிறர் சுமந்து செல்லும்போது நாம் ஏன் கப்பல் கட்ட வேண்டும் என்ற கணக்கு! 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அந்தக் கணக்கு ஒரே வாரத்தில் பொய்த்தது. ஜெர்மானியக் கப்பல்கள் வெளியே பிரிட்டிஷ் கடற்படை காத்திருப்பதை அறிந்து அமெரிக்கத் துறைமுகங்களிலேயே ஒதுங்கிக்கொண்டன. பிரிட்டிஷ் கப்பல்களில் பல போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டன. கப்பல் கட்டணம் பன்மடங்கு ஏறியது.

முதலில் அடிபட்டவர் தென் மாநிலப் பருத்தி விவசாயிகள். அவர்களின் விளைச்சலில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குச் செல்வது. அந்த ஆண்டில் பருத்தி அதுவரை காணாத அளவுக்கு விளைந்திருந்தது. அதை ஏற்றிச் செல்லத்தான் ஆளில்லை. நியூயார்க்கின் பருத்திச் சந்தை ஜூலை 31-இல் மூடப்பட்டு நவம்பர் 16-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஐரோப்பாவில் இரண்டு பேரரசுகள் மோதிக்கொள்ள, ஒரு குண்டு கூட விழாத டெக்சசில் ஒரு குடியானவன் கடனாளியானான்.

அதிபர் வில்சன் ஆகஸ்டு 4-இல் நடுநிலையை அறிவித்தார். பின்னர், எண்ணத்திலும் செயலிலும் பாரபட்சமின்றி இருக்குமாறு மக்களையும் கேட்டுக்கொண்டார். நல்ல சொற்கள்தாம். ஆயினும் அவருடைய அரசு அடுத்தடுத்துச் செய்த செயல்களைப் பார்த்தால், சொற்கள் பஞ்சுப் பொதியைச் சுமக்கமாட்டா என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது புலனாகும். ஆகஸ்டு 18-இல் வந்த சட்டம், வெளிநாட்டில் கட்டப்பட்ட கப்பல்களையும் அவற்றின் வயது பாராமல் அமெரிக்கக் கொடியின்கீழ்ப் பதிவு செய்ய இடமளித்தது. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இவ்வாறு வந்து சேர்ந்தன. அவற்றுட் பல, முதலாளி அமெரிக்கராக இருந்தும் செலவைக் கருதிப் பிறநாட்டுக் கொடியைப் பறக்கவிட்டவை. செப்டம்பர் 2-இல் அரசே போர்க்காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அரசாங்கமே கப்பல்களை வாங்கி ஓட்டட்டும் என்று நிதியமைச்சர் மெக்கடூ மூன்றாவது திட்டத்தையும் முன்வைத்தார்.

அந்த மூன்றாவது திட்டம்தான் பெரும் பூசலைக் கிளப்பியது. விற்பனைக்கு எந்தக் கப்பல்கள் இருக்கின்றன? அமெரிக்கத் துறைமுகங்களில் முடங்கிக் கிடக்கும் ஜெர்மானியக் கப்பல்கள்தாமே! அவற்றை அமெரிக்க அரசு வாங்கினால் பணம் ஜெர்மனிக்குப் போகும், பிரிட்டன் சும்மா இருக்குமா என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். ஆளுங்கட்சியிலும் சிலர் அவர்களோடு சேர்ந்தனர். செனட் மன்றத்தில் இரவு பகலாகப் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தினர். 1915 மார்ச்சு 4-இல் கூட்டத்தொடர் முடிந்தபோது மசோதாவும் மாண்டது. எதிர்த்தவர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், கப்பல் இல்லாமல் நடுநிலையை எப்படிக் காப்பது என்ற வினாவுக்கு அவர்களிடம் விடை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

'அமெரிக்காவிடம் கடற்படை இருந்ததே?' என்று கேட்கலாம். இருந்தது, வலிமையாகவே இருந்தது. ஆனால் அது என்ன செய்தது தெரியுமா? போர் தொடங்கியதும் 'டென்னசி' என்ற போர்க்கப்பல் தங்கத்தை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே பணமின்றித் தவித்த அமெரிக்கப் பயணிகளுக்கு உதவ! மற்றபடி, துறைமுகங்களில் ஒதுங்கிய கப்பல்கள் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வதும், கம்பியில்லாத் தந்தி நிலையங்களிலிருந்து போர்ச்செய்தி போகாமல் கண்காணிப்பதுமே அதன் நடுநிலைப் பணிகள். வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் பெருங்கடலில் செல்ல அதற்கு ஆணை இல்லை. அப்படித் துணை சென்றால் முதல் மோதலிலேயே போருக்குள் இழுக்கப்படுவோம் என்று வில்சன் கருதினார். வணிகக் கப்பல்களில் பீரங்கியையும் கடற்படை வீரர்களையும் ஏற்றுவதற்கே 1917 மார்ச்சு வரை ஆயிற்று.

இந்த நிலையில்தான் 1915-இன் முதல் இரண்டு மாதங்களில் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்துச் சிக்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டாரிடம்.

முதலாவது 'வில்லியம் பி. ஃபிரை'. நான்கு பாய்மரங்கள் கொண்ட அழகான கப்பல். சியாட்டிலிலிருந்து கோதுமை ஏற்றிக்கொண்டு அயர்லாந்தை நோக்கிச் சென்றது. தென் அட்லாண்டிக்கில் 'பிரின்ஸ் ஐட்டல் ஃபிரீட்ரிச்' என்ற ஜெர்மானியக் கப்பல் அதை மறித்தது. (எம்டனும் இக்கப்பலும் 1914 ஆகஸ்டில் சீனக் கரையிலுள்ள அதே சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவை.) கோதுமை பிரிட்டிஷ் படைக்குப் போகிறது என்று சொல்லி, அதை முதலில் கடலில் கொட்டத் தொடங்கினர். மூட்டை மூட்டையாகக் கொட்டி மாளவில்லை. ஜனவரி 28-ஆம் நாள் கப்பலையே மூழ்கடித்துவிட்டனர். கப்பலில் இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டுப் பின்னர் அமெரிக்காவிலேயே கரை சேர்க்கப்பட்டனர். அப்போரில் மூழ்கடிக்கப்பட்ட முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். 1799-இல் பிரஷ்யாவோடு செய்துகொண்ட பழைய உடன்படிக்கையைத் தேடி எடுத்து அமெரிக்கா நட்ட ஈடு கேட்க, ஜெர்மனியும் அந்த உடன்படிக்கையின்படி கொடுக்க இசைந்தது.

இரண்டாவது 'வில்ஹெல்மினா'. இதுவும் உணவுப் பண்டம் ஏற்றிய கப்பல், ஆனால் போன திசை ஜெர்மனியின் ஹாம்பர்க். புயலால் பிரிட்டனின் ஃபால்மவுத் துறைமுகத்தில் ஒதுங்க, பிரிட்டன் பிடித்துவைத்துக்கொண்டது. ஜெர்மானிய அரசு தானியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டுவிட்டது, ஆகவே அங்கே போகும் உணவெல்லாம் படைக்குரிய உணவே என்பது பிரிட்டனின் வாதம். கவனித்தீர்களா? சில நாள் முன்னர் ஜெர்மானியர் ஃபிரையின் கோதுமையைப் பற்றிச் சொன்னதும் இதே வாதந்தான்! (அந்தச் சரக்குக்குப் பின்னால் ஜெர்மானிய அரசின் பணமே இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அது தனிக்கதை.)

மூன்றாவதான 'டாசியா' எனக்கு மிகவும் பிடித்த கதை. ஜெர்மானியக் கப்பலான இது டெக்சஸ் துறைமுகம் ஒன்றில் முடங்கிக் கிடந்தது. பிரெய்ட்டுங் என்ற அமெரிக்கர் 165,000 டாலருக்கு அதை வாங்கினார். புதிய சட்டப்படி அமெரிக்கக் கொடி ஏற்றினார். கால்வெஸ்டனில் 11,000 பஞ்சுப் பொதிகளை ஏற்றி, ராட்டர்டாம் வழியாக ஜெர்மனிக்கு அனுப்பினார். பஞ்சு அப்போது தடைசெய்யப்பட்ட போர்ச்சரக்கும் அன்று. பிரிட்டன் தருமசங்கடத்தில் மாட்டிக்கொண்டது. இதை விட்டுவிட்டால் முடங்கிய ஜெர்மானியக் கப்பல்கள் எல்லாம் கொடி மாற்றிக்கொண்டு கிளம்பிவிடும். பிடித்தாலோ பருத்தி மாநிலங்கள் கொதித்தெழும். அப்போது லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் பேஜ், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரேயிடம், பிரெஞ்சுக் கடற்படை என்று ஒன்று இருக்கிறதே என்னும் பொருள்படக் கேட்டாராம். பேஜின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிப்ரவரி 27-ஆம் நாள் டாசியாவைப் பிடித்தது பிரெஞ்சுக் கப்பலே. போர் தொடங்கிய பின் நடந்த கொடி மாற்றத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்றார்கள், வழக்கு முடிந்தது. அமெரிக்கருக்குப் பிரான்சின் மீது பழைய பாசம் இருந்ததால் கொதிப்பும் அடங்கியது. நடுநிலை நாட்டின் தூதரே தன் நாட்டுக் கப்பலைப் பிடிக்க வழி சொல்லிக்கொடுத்தார் என்றால், துலாக்கோலின் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இக்கப்பல்களின் காலத்திலேயே இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. பிரிட்டனைச் சுற்றிய கடலைப் போர்மண்டலம் என்று ஜெர்மனி பிப்ரவரி 4-இல் அறிவித்திருந்தது. அதே வாரத்தில் 'லூசிட்டானியா' என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல், நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி அமெரிக்கக் கொடியை ஏற்றிக்கொண்டு அயர்லாந்துக் கரையோரம் சென்றது. இரண்டையும் கண்டித்து அமெரிக்கா ஒரே நாளில், பிப்ரவரி 10-இல், இரு கடிதங்களை அனுப்பியது. ஜெர்மனிக்குப் போன கடிதம், அமெரிக்கக் கப்பலுக்கோ உயிருக்கோ தீங்கு நேர்ந்தால் கடுமையாகப் பொறுப்பாக்குவோம் என எச்சரித்தது. பிரிட்டனுக்குப் போன கடிதமோ, எங்கள் கொடியைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நாகரிகமாகக் கேட்டுக்கொண்டது.

இதை வெறும் பாசாங்கு என்று ஒரே அடியாகத் தள்ளுவோரும் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. பிரிட்டன் பறித்தது பண்டத்தை. அதற்கு நீதிமன்றம் உண்டு, பெரும்பாலும் விலையும் உண்டு. நீர்மூழ்கி பறிக்கக்கூடியது உயிரை. அதற்கு எந்த நீதிமன்றமும் ஈடு தர இயலாது. இந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் பறிக்கப்பட்ட பண்டம் உணவாக இருக்கும்போது, வேறுபாடு அத்துணைத் தெளிவாக இல்லை. மார்ச்சு 11-இல் பிரிட்டன், ஜெர்மனிக்குப் போகும் சரக்கு, அங்கிருந்து வரும் சரக்கு எதுவாயினும் தடுப்போம் என்று ஆணையிட்டது. அமெரிக்கா மறுப்புக் கடிதம் எழுதியது, பிறகு இன்னும் நீண்ட கடிதம் எழுதியது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. இருதரப்பையும் ஒரே கண்டிப்போடு நடத்த வேண்டும் என்று வாதிட்ட வெளியுறவு அமைச்சர் பிரையன், 1915 ஜூனில் பதவி விலகினார்.

விளைவைக் கணக்கிலேயே காணலாம். 1914-இல் நேச நாடுகளுக்கு அமெரிக்கா ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 825 மில்லியன் டாலர். 1916-இல் அது 3,200 மில்லியன் டாலரைத் தாண்டியது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனதோ 169 மில்லியனிலிருந்து 1 மில்லியன் டாலருக்குச் சற்றே கூடுதலாகச் சுருங்கியது. அமெரிக்கா ஒரு பக்கத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பதைவிட, யார் கப்பல் வைத்திருந்தாரோ அவர் பக்கம் சரக்குப் போயிற்று என்பதே பெரிதும் பொருந்தும். விருப்பம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1914-இன் இறுதியில் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளின் ரப்பர் அமெரிக்காவுக்குச் செல்வதைத் தடுத்தது. எதிரிக்கு மறு ஏற்றுமதி செய்யமாட்டோம் என்று அமெரிக்க ரப்பர் தொழிலதிபர்கள் உறுதியளித்த பின்னர், 1915-இன் தொடக்கத்தில்தான் மீண்டும் கிடைத்தது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் நம் பாட்டன் பாட்டிமார் மரம் வெட்டிச் சேர்த்த பாலும், அமெரிக்காவின் நடுநிலையை வளைக்கும் கயிறாகப் பயன்பட்டது. அவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியலாம் அல்லவா?

'அமெரிக்கா ஏன் போரில் இறங்கியது?' என்ற வினாவுக்கு 'லூசிட்டானியா மூழ்கியதால்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. லூசிட்டானியா பிரிட்டிஷ் கப்பல். அது மூழ்கியது 1915 மே 7-இல். அமெரிக்கா போரை அறிவித்தது 1917 ஏப்ரல் 6-இல். இடையில் 23 மாதங்கள்! இந்த 23 மாதங்களை விழுங்கிவிட்டு எழுதப்படும் ஒரு வரி விடை, பிள்ளைகளுக்குத் தவறான ஒன்றைக் கற்பிக்கிறது என்பது என் கருத்து. ஒரு துயர நிகழ்ச்சி, உடனே கோபம், உடனே போர் என்று நாடுகள் நடந்துகொள்வதாக அவர்கள் எண்ணிவிடுவார்கள். உண்மையில் அக்காலத்தில்தான் அமெரிக்கா தன் குறையை உணர்ந்து செயல்பட்டது. 1916 ஆகஸ்டு 29-இல் 10 பெரும் போர்க்கப்பல்களையும் 6 விரைவுப் போர்க்கப்பல்களையும் மூன்றாண்டில் கட்டத் தொடங்கச் சட்டம் இயற்றியது. செனட்டில் முன்பு மாண்ட கப்பல் மசோதா, செப்டம்பர் 7-இல் வேறு வடிவில் 50 மில்லியன் டாலர் நிதியோடு உயிர் பெற்றது. நடுநிலையைக் காக்கத் தேவையான கப்பல்களுக்கு வழி பிறந்தபோது, நடுநிலைக்கே ஏழு மாதம்தான் மிச்சம் இருந்தது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்ல விரும்பும் ஆசிரியர்கள் டாசியாவிலிருந்து தொடங்கலாம். உலக வரைபடத்தில் ஒரு நூலை வைத்து அதன் பயணத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'இப்போது இது யாருடைய கப்பல்?' என்று கேளுங்கள். வகுப்பில் கூச்சல் எழும், எழட்டும். வீட்டில் பெற்றோரும் கேட்கலாம். வரைபடத்தில் அந்த நூல் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தோடு நிற்காது. பிரெஞ்சு நீதிமன்றம் பறிமுதல் செய்த டாசியாவுக்கு 'ஈசேர்' என்று பெயர் மாற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1915 நவம்பரில் மத்தியதரைக் கடலில் அதை ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது.